தேசிய அளவில் 1,847-வது இடம்: அமெரிக்கப் பள்ளிக் கால்பந்து ரேங்க் எப்படி வருது?

இந்த எபிசோடு ஒரு வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்ல ஆரம்பிச்சது.

அனுப்பினது என் அக்கா பொண்ணு. அக்கா குடும்பம் டெக்சஸ்ல, டாலஸ் பக்கத்துல இருக்காங்க. இவளுக்குப் பதினாறு வயசு, ஸ்கூல் கால்பந்து டீம்ல லெஃப்ட் பேக். அங்க ஃபுட்பால்னா கையில தூக்கிட்டு ஓடறது, இவங்க ஆடறது சாக்கர். இந்த எபிசோடு முழுக்க நான் கால்பந்துன்னே சொல்லிடறேன்.

மார்ச் முதல் வாரம், சென்னைல காலைல ஆறரை மணி. ஸ்கிரீன்ஷாட்ல ஒரு ரேங்கிங் தளத்தோட பக்கம். அவங்க ஸ்கூல் பேர் பக்கத்துல, தேசிய அளவில் 1,847-வது இடம். கூடவே இன்னொரு ஸ்கூலோட பக்கம், அதைச் சுத்தி சிவப்பு வட்டம். அந்த டீம் 11 ஜெயிச்சு 5 தோத்திருக்கு. அவங்க 640 சொச்சத்துல இருக்காங்க. இவங்க 13 ஜெயிச்சு, ரெண்டு டிரா, ஒரே ஒரு தோல்வி.

கீழ ஒரு கேள்வி: "மாமா, நீங்க சாஃப்ட்வேர்தானே? இதை எப்படிக் கணக்கு பண்றாங்க?"

நான் பல்லு கூட விளக்கல. ஆனா பதில் மட்டும் ரொம்ப தெளிவா அனுப்பிட்டேன். "உங்க எதிர் டீமெல்லாம் வீக்கா இருக்கும்மா. வீக் டீமை ஜெயிச்சா பாயின்ட் கம்மி." அரை மணி நேரம் கழிச்சு பதில் வந்தது. "அப்போ நாங்க ஜெயிச்சதெல்லாம் சும்மாவா?"

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. அன்னிக்கு ராத்திரி உட்கார்ந்து படிக்க ஆரம்பிச்சேன்.

முதல்ல எனக்கு ஆச்சரியமா இருந்த விஷயம், அமெரிக்காவுல ஹைஸ்கூல் கால்பந்துக்கு தேசிய சாம்பியன்ஷிப்னு ஒன்னு கிடையாது. கொரோனாவுக்கு முந்தின கணக்குப்படி வருஷத்துக்கு நாலரை லட்சம் பசங்க, நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவா பொண்ணுங்க ஆடற ஒரு விளையாட்டு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதோட சங்கம் ஒரு கோப்பை நடத்தும். அதோட முடிஞ்சது. இந்த மாநிலச் சங்கங்களுக்கெல்லாம் மேல என்.எஃப்.எச்.எஸ்.னு ஒரு கூட்டமைப்பு இருக்கு. அவங்க ஆட்ட விதிகளை எழுதறாங்க. தேசியப் பட்டத்துக்கு அவங்க ஆதரவு கிடையாது. பசங்க பாதிப் படிப்பை விட்டுட்டு ஊர் ஊரா பறக்கக் கூடாதுங்கறது அவங்க வாதம். நியாயமான வாதம்தான்.

ஜப்பான்ல இதே வயசுப் பசங்களுக்கு நிஜமாவே ஒரு போட்டி நடக்குது. 47 மாகாணத்துக்கும் ஒரு டீம், டோக்கியோவுக்கு மட்டும் ரெண்டு, மொத்தம் 48. டிசம்பர் கடைசியில ஆரம்பிச்சு ஜனவரியில முடியும். தோத்தா வெளிய. 1917-ல இருந்து வர்ற போட்டி அது. ஏன், நம்ம ஊர்லயே 1960-ல இருந்து சுப்ரதோ கோப்பை இருக்கே. அந்த மாதிரி இடத்துல யாரு முதல் இடம்னு கணக்குப் போட வேண்டிய அவசியமே வராது. கடைசில கோப்பை யார் கையில இருக்கோ அவங்கதான்.

அமெரிக்காவுல நடக்காத போட்டியோட முடிவைத்தான் ரேங்கிங்னு சொல்றாங்க. அதனாலேயே அங்க "கற்பனையான தேசிய சாம்பியன்"னு ஒரு சொல் வழக்கமே இருக்கு. அதை ரெண்டு விதமா தீர்மானிக்கறாங்க. ஒன்னு, ஆட்கள் கூடி முடிவு பண்றது. இன்னொன்னு, கம்ப்யூட்டர்.

ஆட்கள் முடிவு பண்றதுல பழைய பேர் யுனைடெட் சாக்கர் கோச்சஸ். 1941-ல ஆரம்பிச்ச கோச்சுகள் சங்கம், 2017 வரைக்கும் வேற பேர்ல இருந்தது. பிராந்திய வாரியா, தேசிய அளவுலன்னு சீசன்ல பட்டியல் போடுவாங்க. யுஎஸ்ஏ டுடே பத்திரிகை "சூப்பர் 25"னு ஒன்னு போட்டிருக்கு. டாப் டிராயர் சாக்கர்னு ஒரு தளம் ஐம்பது டீம் பட்டியல் போடும். இவங்க யாரும் பன்னெண்டாயிரம் டீமோட மேட்சையும் உட்கார்ந்து பார்க்க முடியாது. ஸ்கோர் வரும், போன் வரும், போன வருஷம் யார் எப்படி ஆடினாங்கன்னு ஞாபகம் வரும்.

அந்த ஞாபகம்தான் இங்க முக்கியமான இன்புட். சீசன் ஆரம்பத்துல ஒரு பட்டியல் வரும். அப்போ ஒரு மேட்ச் கூட நடந்திருக்காது. அதுல மூணாவதா இருக்கற டீம் ஜெயிச்சுக்கிட்டே இருந்தா கீழ இறக்க யாருக்கும் காரணம் கிடைக்காது. பட்டியல்லயே இல்லாத டீமும் அதே மாதிரி ஜெயிச்சுக்கிட்டே இருக்கும், ஆனா இருபதாவது இடத்துக்கு வர்றதுக்குள்ள சீசன் முடிஞ்சிடும்.

பேர் எவ்வளவு தூரம் பேசும்னா, நியூ ஜெர்சியில நூவர்க் நகரத்துல செயின்ட் பெனடிக்ட்ஸ்னு ஒரு ஸ்கூல் இருக்கு. அமெரிக்க தேசிய டீமுக்குக் கேப்டனா இருந்த கிளாடியோ ரேனா அங்க படிச்சவர். அவர் ஆடின மூணு வருஷத்துல அந்த டீம் 65 மேட்ச் ஜெயிச்சது, ஒன்னு கூடத் தோக்கல. கூட ஆடினவர் கிரெக் பெர்ஹால்டர், பின்னாடி தேசிய டீமோட கோச் ஆனார். அவங்களுக்கு முன்னாடி டேப் ராமோஸும் அதே ஸ்கூல். மூணு பேரும் உலகக் கோப்பைக்குப் போனவங்க. இப்போ வேடிக்கை என்னன்னா, அந்த ஸ்கூல் நியூ ஜெர்சி மாநிலச் சங்கத்தோட கோப்பைக்கு ஆடறதே இல்ல, தனியார் பள்ளிகளோட சங்கத்துல இருக்கு. அதாவது பெரிய மாநிலக் கோப்பையில பேரே இல்லாத டீம், தேசியப் பட்டியல்ல முதல் இடம் வரைக்கும் வரலாம். 65-0 பார்த்தா யாருக்கும் கேள்வி கேக்கத் தோணாது. எனக்கும் தோணல.

ஆனா என் அக்கா பொண்ணு அனுப்பினது கோச்சுகள் பட்டியல் இல்ல. 1,847-வது இடத்தை எந்த மனுஷனும் யோசிச்சுப் போட மாட்டான். அது கம்ப்யூட்டர்.

மேக்ஸ்பிரெப்ஸ் மாதிரி தளங்கள்ல ஒவ்வொரு ஸ்கூலோட மேட்ச் முடிவும் இருக்கும். அதை வெச்சு எத்தனை ஜெயிச்சாங்க, யாரை ஜெயிச்சாங்க, அந்த எதிர் டீம் யாரையெல்லாம் ஜெயிச்சது, இதெல்லாம் கணக்காகும். இந்த மாதிரித் தளங்கள்ல பெரும்பாலும் முழு சூத்திரத்தையும் வெளியிட மாட்டாங்க. அதனால நான் சூத்திரம் வெளிய இருக்கற ஒரு முறையை எடுத்துக்கிட்டேன். கோலி முறைன்னு பேர், வெஸ்லி கோலிங்கற வானியல் ஆராய்ச்சியாளர் அமெரிக்கன் காலேஜ் ஃபுட்பாலுக்காகப் பண்ணினது.

ரொம்ப சிம்பிள். எல்லா டீமும் 0.5-ல ஆரம்பிக்கும். ஜெயிச்ச எண்ணிக்கையில ஒன்னைக் கூட்டு, ஆடின எண்ணிக்கையில ரெண்டைக் கூட்டு, வகுத்துடு. ஒரே ஒரு மேட்ச் ஆடி ஜெயிச்ச டீமுக்கு நூத்துக்கு நூறு வராது, மூணுல ரெண்டு, 0.67 வரும். டிராவை நான் அரை வெற்றின்னு வெச்சுக்கிட்டேன். அக்கா பொண்ணு டீமுக்கு 18-ல 15, அதாவது 0.83. சிவப்பு வட்டம் போட்ட டீமுக்கு 18-ல 12, அதாவது 0.67. இதுவரைக்கும் இவதான் மேல.

அடுத்த படியிலதான் விஷயம் இருக்கு. நீ ஆடின ஒவ்வொரு எதிரியும் சராசரி டீம்னு நினைச்சுத்தான் மேல கணக்குப் போட்டோம். இப்போ அந்த இடத்துல அந்த எதிரியோட உண்மையான மதிப்பை வைக்கணும். ஆனா அவங்க மதிப்பு அவங்க எதிரிகளைப் பொறுத்தது, அவங்க எதிரிகள்ல நீயும் ஒருத்தி. எல்லாத்தையும் ஒரே நேரத்துல தீர்க்கணும். முதல் வருஷம் எம்-ஒன் பேப்பர்ல மேட்ரிக்ஸ் படிச்சு, "இது எதுக்குடா"ன்னு கேட்டோமே, இதுக்குத்தான். பைத்தான்ல நாப்பது வரி வந்தது.

ஓட்டிப் பார்க்கும்போது ஒரு விஷயம் கண்ணுல பட்டது. டெக்சஸ்ல ஸ்கூல்களை டிஸ்ட்ரிக்ட்னு சின்னச் சின்னக் குழுவா பிரிச்சிருப்பாங்க. இவ டிஸ்ட்ரிக்ட்ல எட்டு டீம். ஒவ்வொருத்தரும் மத்த ஏழு பேரோட ரெண்டு தடவை ஆடுவாங்க. ஆளுக்கு 14 மேட்ச், மொத்தம் 56. நாலு பேர் உட்கார்ந்து ரம்மி ஆடினா டேபிள்ல இருக்கற மொத்தக் காசு மாறாது இல்லையா, கை மட்டும்தானே மாறும்? அதேதான் இங்கயும். எட்டு டீமும் தங்களுக்குள்ளயே ஆடினா அவங்களோட சராசரி மதிப்பு சரியா 0.5-லயே நிக்கும். அந்த எட்டு பேரும் மாநிலத்தோட தலைசிறந்த எட்டா இருந்தாலும் 0.5, படுமோசமான எட்டா இருந்தாலும் 0.5. கம்ப்யூட்டருக்கு வித்தியாசமே தெரியாது.

வித்தியாசம் தெரியணும்னா யாராவது டேபிளை விட்டு எழுந்து பக்கத்து டேபிள்ல போய் ஆடணும். டெக்சஸ்ல அது நடக்கறது ஜனவரியில. சீசன் ஆரம்பத்துல, டிஸ்ட்ரிக்ட் மேட்ச் தொடங்கறதுக்கு முன்னாடி, வாரக் கடைசியில டோர்னமென்ட்னு மூணு மேட்ச் ஆடுவாங்க. வேற ஊர் டீமெல்லாம் வரும். கோச்சுக்கு அது டிரையல் மாதிரி, யாரை எந்த இடத்துல போடலாம்னு பார்ப்பார். பிளேஆஃப் போறதுக்கு டிஸ்ட்ரிக்ட்ல முதல் நாலு இடத்துல வந்தா போதும், இந்த ஜனவரி மேட்ச் அதுல சேராது. யாரும் பெருசா எடுத்துக்காத அந்த அஞ்சாறு மேட்ச்தான், எட்டு டீமோட தேசிய ரேங்கையும் தூக்கறதோ இறக்கறதோ.

பெரியவங்க விஷயத்துலயும் இது நடந்திருக்கு. 2018 உலகக் கோப்பை டிராவுக்கு முன்னாடி போலந்து நட்பு ஆட்டங்களையே பெரும்பாலும் தவிர்த்தது. ஃபிஃபாவோட பழைய முறையில நட்பு ஆட்டம் ஆடினா சராசரி குறையும். ஆடாம இருந்தே முதல் குழுவுல இடம் வாங்கிட்டாங்க. போட்டியில குரூப்லயே வெளிய வந்தாங்கங்கறது வேற கதை. அதே வருஷம் ஃபிஃபா அந்த முறையை மாத்தி, செஸ்ல வர்ற ஈலோ மாதிரி ஒன்னுக்குப் போயிடுச்சு.

சரி, டிஸ்ட்ரிக்ட்டை விட்டு மேல போவோம். மாநிலத்துக்கு மாநிலம்? அங்க பாலமே கிட்டத்தட்ட இல்ல. நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, ஒஹாயோ எல்லாம் இலையுதிர் காலத்துல ஆடி நவம்பர்ல முடிச்சிடுவாங்க. டெக்சஸ் ஜனவரியில இருந்து ஏப்ரல். புளோரிடா குளிர்காலம். ஜார்ஜியா வசந்த காலம். மிசூரி, மிச்சிகன்ல பசங்களுக்கு ஒரு சீசன், பொண்ணுங்களுக்கு வேற சீசன். ஒரு டெக்சஸ் டீமும் ஒரு ஒஹாயோ டீமும் ஒரே நாள்ல மைதானத்துல நிக்கறதுக்கே வாய்ப்பில்ல. இவன் பூட்ஸ் மாட்டும்போது அவன் கழட்டி வெச்சிருப்பான். கோச்சுகள் சங்கம் சீசன் வாரியா தனித்தனிப் பட்டியல் போடறது இதனாலதான், அது நேர்மையான ஏற்பாடு. எல்லாரையும் ஒரே வரிசையில நிக்க வைக்கற கம்ப்யூட்டர், பாலம் இல்லாத இடத்தை ஏதாவது ஒரு அனுமானத்தாலதான் நிரப்பியாகணும். வேற வழியே கிடையாது.

இன்னும் ஒன்னு. இது கால்பந்து. ஹைஸ்கூல்ல 80 நிமிஷ ஆட்டம், ஒரு கோல்ல முடியற மேட்ச் எத்தனையோ. போஸ்ட்ல பட்டு உள்ள போச்சா வெளிய போச்சாங்கறது 18 மேட்ச்ல சமமாகிடாது. 640-க்கும் 1,847-க்கும் நடுவுல எவ்வளவு நிஜமான தூரம்னு கேட்டா, பெருசா இல்லன்னுதான் சொல்வேன்.

இதையெல்லாம் எழுதி வெச்சு ரொம்பப் பெருமையா இருந்தேன். அவளுக்கு ஒரு வாய்ஸ் நோட் கூட அனுப்ப ரெடி. அதுக்கு முன்னாடி என் புரோகிராம்ல அவ டீமைச் சரிபார்க்கலாம்னு பார்த்தா, கணக்கு இடிக்குது. நான் போட்டது 16 மேட்ச். தளத்துல இருந்து எடுத்த டேட்டாவுல 14. திரும்ப ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். ஸ்கூல் பேருக்குக் கீழ சின்ன எழுத்துல 11-1-2. பதிமூணு இல்ல, பதினொன்னு. முதல் நாள்ல இருந்து அங்கயேதான் இருந்திருக்கு.

ரெண்டு வெற்றியைக் காணோம்.

எந்த ரெண்டுன்னு நீங்களே யூகிச்சிருப்பீங்க. ஜனவரி டோர்னமென்ட். ஸ்கோரை ஏத்தறது ஸ்கூல் தரப்போட வேலை. அவங்க கோச் ஹிஸ்டரி எடுக்கற டீச்சர், சம்பளத்துக்கு மேல கொஞ்சம் காசுக்கு இந்த வேலையும் பார்க்கறார். டிஸ்ட்ரிக்ட் மேட்சையெல்லாம் ஒழுங்கா ஏத்தியிருக்கார். ஜனவரி மேட்ச் "கணக்குல வராதே"ன்னு ரெண்டை விட்டுட்டார். அதுல ஒன்னு ஹூஸ்டன் பக்கத்து டீம், அதுக்கப்புறம் அவங்க யார்கிட்டயும் தோக்கவே இல்ல.

நான் அவகிட்ட என்ன சொன்னேன்? உங்க எதிர் டீமெல்லாம் வீக். ஆபீஸ்ல யாராவது டேஷ்போர்டு தப்புன்னு சொன்னா நான் முதல்ல கேக்கற கேள்வி, "டேட்டா முழுசா வந்திருக்கா?" வீட்டுப் பொண்ணு கேட்டப்போ அதைக் கேக்கல. சூத்திரத்துக்குப் பக்கம் நின்னு பேசிட்டேன்.

இது அவ டீமுக்கு மட்டும் நடந்த அதிசயமும் இல்ல. 2010 டிசம்பர்ல அமெரிக்கன் காலேஜ் ஃபுட்பால்ல இதே நடந்தது. அங்க பி.சி.எஸ்.னு ஒரு முறை, கோடிக்கணக்கான டாலர் அதை நம்பி இருந்தது. அதுல ஆறு கம்ப்யூட்டர் ரேங்கிங், அதுல ஒன்னு நான் சொன்ன கோலி முறை. கடைசிப் பட்டியல் வந்தப்போ எல்.எஸ்.யூ. பத்தாவது, பாய்ஸி ஸ்டேட் பதினொன்னாவது. ஜெர்ரி பாம்னு ஒருத்தர் தனியா உட்கார்ந்து கணக்குப் போட்டார், அவருக்கு வேற விடை வந்தது. பார்த்தா கோலியோட டேட்டாவுல ஒரே ஒரு மேட்ச் விட்டுப்போயிருக்கு. அதுவும் இந்த ரெண்டு டீமும் ஆடாத, கீழ்ப் பிரிவுல நடந்த ஒரு மேட்ச். அதைச் சேர்த்ததும் ரெண்டு பேரும் இடம் மாறிட்டாங்க. அந்த ஆறுல முழுசா வெளிப்படையா இருந்தது கோலி முறை மட்டும்தான், அதனாலதான் தப்பையே கண்டுபிடிக்க முடிஞ்சது. மத்த அஞ்சுல என்ன இருந்ததுன்னு வெளிய யாராலும் சரிபார்க்க முடியல. அங்கயே அப்படின்னா, ஒரு டீச்சர் ராத்திரி பேப்பர் திருத்திட்டு ஸ்கோர் ஏத்தற ஆயிரக்கணக்கான ஸ்கூல்கள்ல எத்தனை மேட்ச் காணாமப் போயிருக்கும்?

அவளுக்குப் போன் பண்ணினேன். முதல்ல சாரி சொன்னேன். அப்புறம் அந்த ரெண்டு மேட்ச் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "அந்த ஹூஸ்டன் மேட்ச்லதான் மாமா நான் முதல் தடவை முழு 80 நிமிஷமும் ஆடினேன்"ன்னா.

பின்னாடி அக்கா போனை வாங்கினா. "டேய், இந்த நம்பரை வெச்சு காலேஜ்ல எடுப்பாங்களாடா?" அவளுக்குக் கவலை அதுதான், அங்க ஃபீஸ் அப்படி. அதையும் நான் படிச்சிருந்தேன். காலேஜ் கோச்சுகள் பெரும்பாலும் ஆளெடுக்கப் போறது கிளப் டோர்னமென்ட்டுக்கு. பொண்ணுங்களுக்கு 2009-ல ஆரம்பிச்ச இ.சி.என்.எல். மாதிரி லீக். ஸ்கூல் டீமோட தேசிய ரேங்கைப் பார்த்து ஒரு லெஃப்ட் பேக்கை எடுக்கறது அபூர்வம். பசங்க பக்கம் இன்னும் மோசம். 2007-ல அமெரிக்க சம்மேளனம் டெவலப்மென்ட் அகாடமின்னு தொடங்கினாங்க. 2012-ல சீசனைப் பத்து மாசமா நீட்டி, அதுல ஆடறவங்க ஸ்கூலுக்கு ஆடக் கூடாதுன்னாங்க, சில தனியார் பள்ளிகளுக்கு மட்டும் விலக்கு. 2020-ல அதை மூடற வரைக்கும், நாட்டோட நல்ல பசங்க பலர் எந்த ஸ்கூல் ரேங்கிங்குக்குள்ளயும் இல்ல. அப்பவும் வாராவாரம் "நாட்டின் நம்பர் ஒன்" வந்துக்கிட்டேதான் இருந்தது.

"அப்போ எதுக்குடா இந்தப் பொண்ணு ராத்திரி தூங்காம இதையே பார்த்துக்கிட்டு இருக்கா?" அக்கா கேட்டா. பத்தாவது மார்க்ஷீட் வந்தப்போ ஸ்கூல் ரேங்க் என்னன்னு நீ எத்தனை நாள் பார்த்தேன்னு திருப்பிக் கேட்டேன். போனை அவகிட்டயே குடுத்துட்டா.

கோச்கிட்ட அவ நேரடியா கேக்கத் தயங்கினா. டீமோட மேனேஜரா இருக்கற இன்னொரு பொண்ணு போய்க் கேட்டா. அவர் கோவப்படல, பாஸ்வேர்டை அவகிட்டயே குடுத்து "நீயே ஏத்திக்கோ"ன்னுட்டார். ரெண்டு மேட்ச் ஏறினதும், அடுத்த தடவை பக்கம் புதுப்பிச்சப்போ 1,847 போய் 1,206 வந்தது. மாணவிகள் ஆடின மைதானம் எதுவும் மாறல, ஒரு ஃபார்ம் நிரப்பினதுல 641 ஸ்கூலைத் தாண்டிட்டாங்க. அவங்களோட ஒரே டிஸ்ட்ரிக்ட்ல இருக்கற மத்த ஏழு டீமும் சேர்ந்து மேல ஏறியிருந்தது, அவங்களுக்கு ஏன்னே தெரியாது.

சிவப்பு வட்டம் போட்ட டீம் அப்பவும் இவங்களுக்கு மேலதான் இருந்தது. பிளேஆஃப்ல இவங்க முதல் சுற்று ஜெயிச்சு, ரெண்டாவது சுற்றுல பெனால்டியில வெளிய வந்தாங்க. சீசன் முடிஞ்சப்போ ரேங்க் என்னன்னு நான் கேக்கல, அவளும் அனுப்பல.

அடுத்த ஜனவரியில ஒரு மெசேஜ் வந்தது. இந்தத் தடவை டோர்னமென்ட் ஃபிக்ஸ்சர். எந்த டோர்னமென்ட்டுக்குப் போகணும்னு பொண்ணுங்களே கோச்கிட்ட கேட்டு வாங்கியிருக்காங்க. மூணு மணி நேர பஸ் பயணம். சனிக்கிழமை காலைல முதல் மேட்ச், எதிர்ல அந்த சிவப்பு வட்டம் டீம்.

ஒன்னுக்கு ஒன்னு, டிரா. பஸ் கிளம்பறதுக்கு முன்னாடியே ஸ்கோரை ஏத்திட்டாங்களாம்.